பேட்டரியைக் கழற்றியும் அணையாத விளக்கு: கிம்பலுக்குக் கரண்ட் கொடுத்த கதை

என் ட்ரோன் பேட்டரியின் மேல் 14.8 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. பறக்கும்போது கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலின் சர்க்யூட் போர்டு ஸ்டிக்கரில் 7.4 முதல் 14.8 வோல்ட் வரை என்று இருந்தது. அடடா, சரியாகப் பொருந்துகிறதே என்று நினைத்தால் அங்கேயே மாட்டிக்கொண்டோம். பேட்டரியில் போட்டிருப்பது சராசரிக் கணக்கு. ஒரு லைப்போ (லித்தியம் பாலிமர்) செல்லுக்கு 3.7 வோல்ட், நாலு செல்லுக்கு 14.8. சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் ஒரு செல் 4.2 வோல்ட் காட்டும், நாலும் சேர்ந்து 16.8. கிம்பல் ஸ்டிக்கரில் இருப்பதோ உச்சவரம்பு. எண் ஒன்றுதான், சொல்லும் விஷயம் வேறு.

இந்தக் குழியை நான் முன்கூட்டியே பார்த்துவிட்டேன். பார்த்துத் தாண்டிப் போய் அடுத்த குழியில் விழுந்தேன்.

வண்டி இதுதான்: எஃப்450 ஃப்ரேம், 920 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 920 சுற்று) மோட்டார்கள், ஒன்பது இன்ச் ப்ரொப்பெல்லர், வண்டியின் மூளையாக பிக்ஸ்ஹாக் ஃப்ளைட் கன்ட்ரோலர், 4எஸ் (நாலு செல்) 5000 எம்ஏஎச் பேட்டரி. அதன் அடியில் செகண்ட் ஹேண்டில் கிடைத்த, பெயர் இல்லாத இரண்டு அச்சு கிம்பல். உள்ளே அதை இயக்கும் சிம்பிள்பிஜிசி வகை 8 பிட் போர்டு. அதில் உட்கார ஒரு பழைய கோப்ரோ கேமரா. எல்லாம் சேர்த்து 1.6 கிலோவுக்குப் பக்கம்.

குறுக்குவழி என்னவென்றால் பேலன்ஸ் பிளக், அதாவது சார்ஜர் செல்களைத் தனித்தனியாகச் சமன் செய்ய இருக்கும் சின்ன பிளக். நாலு செல் பேட்டரியின் பேலன்ஸ் பிளக்கில் ஐந்து வயர் இருக்கும். கறுப்பை மைனஸாக வைத்து அதோடு சேர்த்து நாலாவது வயரைப் பிளஸாக எடுத்தால் மூன்று செல்தான் கணக்கில் வரும். முழு சார்ஜில் 12.6 வோல்ட். கிம்பலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. தனி சர்க்யூட் வேண்டாம், கூடுதல் எடை வேண்டாம். மூன்று செல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வடியும், அதை சார்ஜர் சமன் செய்துகொள்ளும் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கிம்பல் அருமையாக நின்றது. ஃப்ரேமை எப்படிச் சாய்த்தாலும் கேமரா அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் விளையாடிவிட்டு மெயின் பிளக்கை, அதாவது எக்ஸ்டி60ஐக் கழற்றினேன்.

பிக்ஸ்ஹாக்கின் விளக்கு அணையவில்லை. சிமிட்டிக்கொண்டே இருந்தது.

பேட்டரியே இல்லாமல் இது எங்கிருந்து சாப்பிடுகிறது என்று வயர் வயராகத் தேடினேன். கேமராவை மேலும் கீழும் சாய்க்க ஃப்ளைட் கன்ட்ரோலரிலிருந்து கிம்பலுக்கு ஒரு சாதாரண சர்வோ வயர் போயிருந்தது. வெள்ளை சிக்னல், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு மைனஸ். கிம்பல் போர்டு தனக்குள் 5 வோல்ட் தயாரித்துக்கொள்கிறது. அந்த 5 வோல்ட் சிவப்பு வயர் வழியாகத் திரும்பிப் போய் ஃப்ளைட் கன்ட்ரோலரை உயிரோடு வைத்திருந்தது. பேலன்ஸ் பிளக் இன்னும் செருகியே இருந்தது அல்லவா, அதனால்தான். சிக்னல் கேபிளிலிருந்து சிவப்பு பின்னை ஊசியால் நெம்பி எடுத்து ஸ்லீவ் போட்டு மடக்கிக் கட்டினேன். விளக்குப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் மனதில் ஒரு உறுத்தல். பிளஸ் இப்படித் திருட்டு வழியில் போக முடியும் என்றால், மைனஸ்? காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட்டேன். அப்போதுதான் விஷயமே புரிந்தது. பேட்டரியின் மைனஸுக்கு இப்போது இரண்டு பாதை. ஒன்று எக்ஸ்டி60இன் தடித்த கறுப்பு வயர். இன்னொன்று பேட்டரி கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்டிலிருந்து ஃப்ளைட் கன்ட்ரோலர், அங்கிருந்து சர்வோ வயரின் மெல்லிய கறுப்பு, கிம்பல் போர்டு, கடைசியில் பேலன்ஸ் பிளக்கின் கறுப்பு. கரண்ட் இரண்டிலும் போகும், ரெசிஸ்டன்ஸ் குறைந்த பக்கம் அதிகமாக. தடித்த பாதை நன்றாக இருக்கும்வரை மெல்லியதில் சொற்பம்தான். தடித்தது விட்டுப்போனால்? இந்த எடைக்கு அந்தரத்தில் நிற்கவே சுமார் 15 ஆம்பியர் வேண்டும். அத்தனையும் நூல் போன்ற சர்வோ வயர் வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும்.

தியரி என்று விட்டிருப்பேன். சும்மா இருக்கட்டும் என்று எக்ஸ்டி60ஐத் திருப்பிப் பார்த்தால், மைனஸ் கப்பில் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்று. ஈயம் பார்க்க உருண்டையாக, மங்கலாக இருந்தது. வயரை லேசாக ஆட்டினால் உள்ளே அதுவும் ஆடியது. திரும்ப எல்லாவற்றையும் மாட்டி, ப்ரொப்பெல்லர் இல்லாமல் த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு சர்வோ வயரின் கறுப்பைத் தொட்டேன். சூடு. வெள்ளை ஜில்லென்று இருந்தது, ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு மட்டும் தெளிவாகச் சூடு. இதை அப்படியே வெளியே கொண்டுபோய்ப் பறக்கவிட்டிருந்தால் வானத்தில் எது முதலில் உருகியிருக்கும் என்று யோசிக்கவே விருப்பமில்லை.

பேலன்ஸ் பிளக்கில் கை வைப்பதை அன்றோடு விட்டேன். எக்ஸ்டி60ஐ உரித்துப் போட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன்.

தனியாகச் சின்ன மூன்று செல் பேட்டரி ஒன்றை கிம்பலுக்கு வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் நாற்பது ஐம்பது கிராம் கூடும், சார்ஜ் போட மறக்க இன்னொரு பேட்டரி கிடைக்கும்.  அதனால் பக் கன்வர்ட்டர், அதாவது மெயின் பேட்டரியின் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் குட்டி போர்டு.

கையில் இருந்தது எம்பி1584 சிப் வைத்த மாட்யூல். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, எடையே தெரியாது. 28 வோல்ட் வரை வாங்கும். நம்முடையது 16.8 தானே, தாராளம். அவுட்புட்டை 12க்கு வைத்தேன். கிம்பலை நேரே மாட்டாமல், லோடுக்கு ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பை மாட்டினேன், 12 வோல்ட் 10 வாட். முக்கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கிம்பல் இழுப்பதைவிட அதிகம். முன்ஜாக்கிரதை என்று பெருமை பேசலாம். உண்மையில் கிம்பலின் பிளக் சைஸ் பொருந்தவில்லை, மாற்றச் சோம்பல்.

அந்தச் சோம்பல்தான் கிம்பலைக் காப்பாற்றியது. பேட்டரியை மாட்டுவதும் கழற்றுவதுமாக நாலைந்து தடவை. ஒவ்வொரு முறையும் எக்ஸ்டி60இல் 'டிக்' என்று வழக்கமான ஸ்பார்க். ஐந்தாவது தடவையோ என்னவோ, மஞ்சளாக எரிந்த பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. மீட்டரை வைத்தால் 16.5. மாட்யூல் செத்துப்போய், உள்ளே வருவதை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி கன்வர்ட்டர்களில் உள்ளிருக்கும் ஸ்விட்ச் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் பழுதாகும். அணைந்துபோனால் பரவாயில்லை, முழு பேட்டரி வோல்டேஜையும் எதிரே இருப்பவன் தலையில் கொட்டிவிட்டுப் போகும்.

16.8 வோல்ட் பேட்டரி 28 வோல்ட் தாங்குகிறதை எப்படிக் கொல்லும்? அந்த ஸ்பார்க்கில்தான் பதில் இருக்கிறது. பேட்டரியின் நீளமான வயருக்குக் கொஞ்சம் இண்டக்டன்ஸ் உண்டு, அதாவது ஓடும் கரண்ட்டைச் சட்டென்று நிற்கவிடாத குணம். மாட்யூலின் வாசலில் இருப்பது குட்டி செராமிக் கெப்பாசிட்டர், அதற்கு உள் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லை. பிளக் தொட்ட நொடியில் கரண்ட் பாய்ந்து வந்து, கெப்பாசிட்டர் நிரம்பிய பிறகும் நிற்க முடியாமல் மேலே ஏறும். வேகமாக ஊற்றிய குடத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தளும்புகிற மாதிரி. மோசமான நிலையில் அந்தத் தளும்பல் பேட்டரி வோல்டேஜைப் போல இரண்டு மடங்கு வரை போகும். 16.8ஐ இரண்டால் பெருக்கினால் 33.6. மீட்டரில் இது தெரியவே தெரியாது, மைக்ரோ செகண்டுகளில் முடிந்துவிடும்.

மருந்து சுலபமானது. பேட்டரி வயர் பவர் போர்டில் வந்து சேரும் இடத்திலேயே 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்று, கால்களை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக. அதன் உள் ரெசிஸ்டன்ஸ் இங்கே நல்லதுதான் செய்கிறது, தளும்பலை விழுங்கிவிடும். மோட்டார்கள் திடீரென்று வேகம் குறையும்போது ஈஎஸ்சிகள் (அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டுகள்) திருப்பித் தள்ளும் குத்தல்களையும் அடக்கும்.

அடுத்து மாட்யூலை மாற்றினேன். எல்எம்2596. பழைய சரக்கு, எடை 11 கிராம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது. ஆனால் 40 வோல்ட் வரை வாங்கும். சந்தையில் போலி சிப்புகள் நிறைய நடமாடுவதால் பத்து நிமிடம் பல்பை எரியவிட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் நம்பினேன். கதகதப்பு, அவ்வளவுதான்.

இன்புட்டில் ஒரு டிவிஎஸ் டயோடும் போட முடிவு செய்தேன். வோல்டேஜ் எகிறினால் தன் மேல் வாங்கிக்கொள்ளும் காவல்காரன். பல்பு வாங்கிய பைக் எலக்ட்ரீசியனிடம் பேச்சுவாக்கில், "தம்பி, டிவிஎஸ் டயோடு எங்கேயாவது கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டேன். "ஷோரூம்லயே கேளுங்கண்ணே, ஒரிஜினல் ஸ்பேர் அங்கதான் வரும்" என்றார். மதுரையில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் எதிர்பார்த்தது என் தப்பு. கடைசியில் ஆன்லைனில் வாங்கினேன். எஸ்எம்பிஜே18ஏ: 18 வோல்ட் வரை சும்மா இருக்கும், 20க்கு மேல் விழித்துக்கொள்ளும், பெரிய குத்தலையும் 29.2க்குள் பிடித்து நிறுத்தும். மாட்யூலின் 40க்கு இது போதும். அவுட்புட்டில் இன்னொன்று, எஸ்எம்பிஜே13ஏ. மாட்யூல் மறுபடி ஷார்ட் ஆகி பேட்டரி வோல்டேஜ் வெளியே வந்தால் இது கடத்த ஆரம்பித்து, முன்னால் இருக்கும் ஃப்யூஸைப் போக்கிவிட வேண்டும் என்பது திட்டம். இது விழித்துக்கொள்வது 14.4க்கும் 15.9க்கும் இடையில் எங்கோ. பேட்டரி பாதி வடிந்து 15 வோல்ட்டில் இருக்கும்போது ஃப்யூஸ் போகாமலே போகலாம். அந்த வோல்டேஜில் கிம்பலுக்கும் பெரிய ஆபத்து இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

ஃப்யூஸ் என்றால் காரில் வரும் மினி பிளேடு ஃப்யூஸ், 2 ஆம்பியர், சாம்பல் நிறம். பிளஸ் வயர் பவர் போர்டிலிருந்து கிளம்பும் இடத்திலேயே வைக்க வேண்டும், கிம்பல் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. நடுவில் ஃப்ரேம் விளிம்பில் உரசி வயர் ஷார்ட் ஆனால், நூறு ஆம்பியர் தள்ளக்கூடிய பேட்டரிக்கு அந்த மெல்லிய வயர் ஒரு பல்பு இழை மாதிரி.

மாட்யூலை 11.5 வோல்ட்டுக்கு வைத்தேன். 12 ஏன் இல்லை என்றால், எல்எம்2596க்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட ஒன்றரை வோல்ட்டாவது கூட இருக்க வேண்டும். நான் இறங்குவது செல்லுக்கு 3.5, மொத்தம் 14. த்ராட்டிலை அழுத்தினால் அதுவும் சரியும். 11.5 என்றால் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். மாட்யூலில் வோல்டேஜை மாற்றும் நீல நிறப் பொட்டென்ஷியோமீட்டரின் பித்தளைத் திருகு பல சுற்று சுற்றும். முதல் பத்துச் சுற்றுக்கு ஒன்றுமே மாறவில்லை என்று அவசரப்படக் கூடாது. அளவு வந்ததும் மகளின் ரோஸ் கலர் நெயில் பாலிஷில் ஒரு சொட்டு திருகின் தலையில் வைத்தேன், அதிர்வில் தானாகச் சுற்றாமல் இருக்க. இதை கிம்பலின் பிஐடி, அதாவது ஆட்டத்துக்கு அது எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்ட வேண்டும் என்ற எண்களை, அமைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வோல்டேஜ் மாறினால் மோட்டாரின் முறுக்கும் மாறும், அமைத்த எண்கள் எல்லாம் வீண்.

கிம்பல் மாட்டினேன். நின்றது. சரி, முடிந்தது என்று வீடியோ டிரான்ஸ்மிட்டரையும் போட்டு மானிட்டரைப் பார்த்தால், படம் முழுக்கச் சாய்வாகக் கோடுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

எல்லோரும் சொல்வதைப் போல நானும் முதலில் பக் கன்வர்ட்டரைத்தான் சந்தேகித்தேன். வயரில் வரும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன், வயர்களை முறுக்கினேன். கோடுகள் கொஞ்சமும் மசியவில்லை. பிறகு கிம்பலை லேப்டாப்பில் இணைத்து மோட்டார்களை மட்டும் ஆஃப் செய்தேன். படம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி ஆனது. ஆன் செய்தால் கோடு. அப்போது கன்வர்ட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆக, மோட்டார் கரண்ட் எங்கோ வீடியோவைத் தொடுகிறது.

மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முள்ளைப் பவர் போர்டின் மைனஸிலும் சிவப்பு முள்ளை கிம்பல் போர்டின் மைனஸிலும் வைத்தேன். இரண்டும் ஒரே வயரின் இரண்டு முனை, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 190 மில்லிவோல்ட். கிம்பல் அப்போது இழுத்தது அரை ஆம்பியர்தான். கேமராவின் வீடியோ கிம்பல் போர்டு வழியாகத்தான் டிரான்ஸ்மிட்டருக்குப் போகிறது, அதற்கும் ஒரு மைனஸ் வயர் உண்டு. அனலாக் வீடியோ சிக்னல் மொத்தமே ஒரு வோல்ட் உயரம். அதன் தரை 190 மில்லிவோல்ட் ஆடினால் படத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆடுகிறது என்று பொருள். பவர் வயரின் மைனஸ் சரியில்லாததால், மோட்டார் கரண்டில் ஒரு பகுதி வீடியோ கேபிளின் மைனஸ் வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது. காலண்டர் தாளில் போட்ட அதே படம், இந்தத் தடவை வேறு வயர்.

சிவப்பு முள்ளை வயரோடு நகர்த்திக்கொண்டே வந்தேன். பிளக்குக்கு இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 188. பிளக்கை உடைத்துப் பின்னை வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கிரிம்ப், அதாவது வயரை நசுக்கிப் பிடிக்கும் பல், செம்பைக் கடிக்காமல் வயரின் மேல் தோலைக் கடித்திருந்தது. ஏழெட்டு இழை மட்டும் பக்கவாட்டில் உரசிக்கொண்டிருந்தன. ரெடிமேடாக வந்த கேபிள்தான், இழுத்துப் பார்த்தால் உறுதியாகத்தான் இருந்தது. தோலைப் பிடித்திருந்தாலும் உறுதியாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் தடித்த வயர் போட்டு, கிரிம்ப் செய்த பிறகு ஒரு துளி ஈயமும் வைத்தேன். கிம்பல், வீடியோ டிரான்ஸ்மிட்டர் இரண்டின் மைனஸும் பவர் போர்டில் ஒரே புள்ளியில் சேரும்படி மாற்றினேன். மீட்டர் இப்போது 5 மில்லிவோல்ட். கோடுகள் போயே போய்விட்டன. மாட்டிய ஃபெரைட் வளையத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன்.

மிச்சம் மோட்டார் சூடு. இந்த வகை போர்டில் கேமரா சும்மா நின்றாலும் மோட்டார் கிட்டத்தட்ட அதே கரண்டைக் குடிக்கும். எவ்வளவு என்பதை மென்பொருளில் நாம் வைக்கும் பவர் எண்தான் தீர்மானிக்கும், 0 முதல் 255 வரை. வாங்கும்போது 150இல் இருந்தது. கால் மணி நேரத்தில் கீழ் மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. காரணம், கேமரா முன்பக்கம் கனத்திருந்தது, முன்னாள் உரிமையாளர் பவரைக் கூட்டிச் சமாளித்திருக்கிறார். கரண்ட் இல்லாதபோது கேமராவை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் சமநிலை. பின்பக்கம் இரண்டு 25 காசு நாணயங்களை டேப்பால் ஒட்டியதும் நின்றது. 2011இல் செல்லாமல் போனவை, இப்போது வேலை கிடைத்திருக்கிறது. பவரை 90க்கு இறக்கினேன். 0.3 ஆம்பியர், மோட்டார் வெதுவெதுப்பு. கால் மணி நேரப் பறப்புக்கு மொத்தப் பேட்டரியில் நூற்றில் ஒரு பங்குதான் இதற்குப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சை, அதாவது பறக்கத் தடையில்லாத பகுதி, என்று பார்த்துவிட்டு ஒரு கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோனேன். கேமராவை ஏற்றிய பிறகே பேட்டரி மாட்டினேன். கேமரா இல்லாமல் மாட்டினால் சமநிலை தப்பி, கை கால் உதறுகிற மாதிரி கிம்பல் உதறும். மாட்டியதும் சில நொடிகள் வண்டியைத் தொடவில்லை, கைரோ தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. பன்னிரண்டு நிமிடம் பறந்தது. இறங்கியதும் செய்த முதல் வேலை, வயர்களைத் தொட்டுப் பார்த்ததுதான். சர்வோ வயரின் கறுப்பும் வெள்ளையும் ஒரே ஜில். மாட்யூலின் அவுட்புட் 11.48. நெயில் பாலிஷ் விரிசல் விடவில்லை. ஃப்யூஸ் போகவில்லை, ஸ்பேர் இரண்டை ஃப்ரேமின் கையிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டுப் பார்த்தால், அடிவானம் நேராக நிற்கிறது. ஆனால் பனைமரங்கள் ஜெல்லி மாதிரி லேசாக நெளிகின்றன. அது கரண்ட் சமாச்சாரம் இல்லை, ப்ரொப்பெல்லர் எடை சமமாக இல்லாததால் வரும் அதிர்வு. பேலன்சரைத் தேடி எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.